சிறிய அளவில் மோட்டார் வாகனம்: பிளாஸ்டிக் மாதிரிகள் கற்பிக்கும் விஞ்ஞானம்

மாதிரிகள் அமைப்பது குழந்தைகளின் விளையாட்டு மட்டுமன்று. அணை கட்டுவோரும், கப்பல் வகுப்போரும், விமானம் அமைப்போரும் தத்தம் வேலையைப் பெரும்பாலும் ஒரு சிறிய மாதிரியிலிருந்தே தொடங்குகின்றனர். பெங்களூரு நகரம் இதற்கு நல்ல சான்று. ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் கூர்ட் டாங்கின் தலைமையில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் 'மாருத்' போர்விமானம் உருவானபோது, அதன் முழு அளவிலேயே மரத்தாலான என்ஜினற்ற சறுக்கு விமானம் ஒன்று முதலில் அமைக்கப்பட்டது. அது 1959-ஆம் ஆண்டில் டக்கோட்டா விமானத்தால் இழுத்துச் செல்லப்பட்டு, வானில் விடப்பட்டுச் சோதிக்கப்பட்டது. அதன் பின்னரே, 1961 ஜூன் 17 அன்று, உண்மையான மாருத் விமானம் முதன்முறையாகப் பறந்தது.

இத்தகைய பெரிய முயற்சிகளுக்கும், வீட்டின் மேசைமீது ஓர் இளைஞர் பொறுமையுடன் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மோட்டார் வாகனத்துக்கும் உள்ள உறவு பலரும் எண்ணுவதைவிட நெருக்கமானது. இரண்டிலும் அளவு விகிதம், பொருளின் குணம், பிழையின் எல்லை ஆகிய மூன்றையும் கவனித்தே தீர வேண்டும். ஆகவே மாதிரி வாகனம் அமைக்கும் பொழுதுபோக்கைப் பற்றி ஆசிரியர்களும், இளைஞர் மன்றங்களுடன் பழகும் களப்பணியாளர்களும் ஓரளவு அறிந்திருப்பது பயன் தரும்.

விளையாட்டுப் பொருளும் அளவு மாதிரியும்

பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணம் மர விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே மென்மையான மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி, அரக்கு வண்ணம் ஏற்றி, பளபளப்பான வண்டிகளைச் செய்கின்றனர். கடைசலில் வருவன எல்லாம் உருண்டை வடிவங்களே. எனவே அந்த வண்டி, 'வண்டி' என்ற எண்ணத்தைக் குழந்தைக்கு அழகாக உணர்த்துகிறது. ஆனால் எந்த ஒரு குறிப்பிட்ட வாகனத்தின் அளவையும் அது காட்டுவதில்லை. காட்ட வேண்டும் என்பது அதன் நோக்கமும் அன்று.

அளவு மாதிரியின் நோக்கம் வேறு. மூல வாகனத்தின் நீளம், அகலம், உயரம், சக்கரங்களின் இடைவெளி ஆகிய அனைத்தும் ஒரே எண்ணால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணே அளவு விகிதத்தைக் குறிக்கிறது. மோட்டார் வாகன மாதிரிகளில் 1:24, 1:25, 1:32, 1:43 என்ற விகிதங்கள் மிகுதியாக வழங்குகின்றன. இவை தற்செயலாக வந்தவை அல்ல. ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்தால் 1:24 கிடைக்கும். விளையாட்டு ரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வழங்கிய அளவிலிருந்து 1:43 வந்தது. விமான மாதிரிகளில் பெரிதும் வழங்கும் 1:72 என்பது ஆறு அடிக்கு ஓர் அங்குலமாகும்.

நம் நாட்டில் யாவரும் அறிந்த அம்பாசடர் வாகனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் நீளம் சுமார் 4.3 மீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2,464 மில்லிமீட்டர். 1:24 விகிதத்தில் மாதிரியின் நீளம் சுமார் 179 மில்லிமீட்டராகவும், அச்சுகளின் இடைவெளி சுமார் 102.7 மில்லிமீட்டராகவும் அமைய வேண்டும். மாதிரி அமைப்பவர் அரை மில்லிமீட்டர் பிழை செய்தால், மூல வாகனத்தில் அது 12 மில்லிமீட்டர் பிழைக்குச் சமம். கதவு ஒன்று 12 மில்லிமீட்டர் விலகி நின்றால் எந்த வாகனமும் தொழிற்சாலையை விட்டு வெளியேறாது. கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் பிழை விகிதத்தால் பெருகுகிறது என்பதை மாணவன் இங்கே தன் கைவேலையிலிருந்தே அறிந்துகொள்கிறான்.

பிளாஸ்டிக் வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் மாதிரி அமைப்போர் மரத்தையும் தகரத்தையுமே பெரிதும் நம்பியிருந்தனர். போருக்குப் பின் நிலைமை மாறியது. அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் 1948-இல் தோன்றி, மோட்டார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கான சிறு வாகனங்களைச் செய்து கொடுத்தது. முதலில் அலுமினியத்திலும், பின்னர் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கிலும் அவை அமைந்தன. இந்த அசிட்டேட் நாளடைவில் சுருங்கி வளையும் இயல்புடையது. அதில் கலந்துள்ள மென்மையூட்டும் பொருள் மெல்ல வெளியேறுவதே இதற்கு முக்கியக் காரணம். அக்காலத்து மாதிரிகள் பல, கூரை தொய்ந்தும் அடிப்பாகம் முறுக்கியும் இன்று காணப்படுகின்றன.

இக்குறையைப் போக்கியது பாலிஸ்டைரீன். இது சுருங்குதல் குறைந்தது. நுண்ணிய கோடுகளையும் தெளிவாக ஏற்பது. எளிதில் வெட்டவும், அராவவும், ஒட்டவும் கூடியது. அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் பழங்கால மோட்டார் வாகனங்களின் வரிசை ஒன்றை, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி உதிரிப் பாகங்களாக வெளியிட்டது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949-இல் ஒரு டிராக்டர் மாதிரியுடன் இத்துறையில் நுழைந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மரவாடியாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-இல் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாகிய 'யமாட்டோ' போர்க்கப்பலை வெளியிட்டது.

இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி 1957-இல் தொடங்கியது. நம் நாட்டின் பிளாஸ்டிக் தொழிலுக்கே அதுதான் நல்ல தொடக்கமாகக் கருதப்படுகிறது. இத்தொழிலுக்குப் பயிற்சி பெற்றவர்களை உருவாக்க மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிலையம் 1968-இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது.

பாகங்கள் உருவாகும் விதம்

கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டியைத் திறந்தால், இலை நரம்புகளைப்போல் கிளைத்த ஒரு சட்டத்தில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அச்சச்சட்டமே பாகங்களின் பிறப்பை விளக்கும் சான்று. பாலிஸ்டைரீன் மணிகள் 200 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கப்பட்டு, மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சினுள் செலுத்தப்படுகின்றன. உருகிய பிளாஸ்டிக் ஓடிய கால்வாய்களே குளிர்ந்தபின் சட்டமாக எஞ்சுகின்றன. குளிரும்போது பாகம் சுமார் அரை சதவீதம் சுருங்கும். 180 மில்லிமீட்டர் நீளமுள்ள உடற்பகுதியில் இது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகும். எனவே அச்சு அந்த அளவு பெரிதாகவே வெட்டப்படுகிறது.

பாகங்களின் உட்புறத்தில் சிறு வட்டத் தழும்புகள் காணப்படும். அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகளின் அடையாளம் அவை. தடித்த இடங்களில் மேற்பரப்பு சற்றுக் குழிந்திருக்கும். உட்பகுதி தாமதமாகக் குளிர்ந்து மேற்பரப்பை உள்ளே இழுப்பதால் இது நேர்கிறது. மாணவர்களிடம் ஒரு பிளாஸ்டிக் சீப்பையோ வாளியையோ கொடுத்து இவ்வடையாளங்களைத் தேடச் சொல்லலாம். எந்தப் பெட்டியும் வாங்காமலே நடத்தக்கூடிய நல்ல பாடம் இது.

ஒட்டுதல் என்பது என்ன?

காகிதத்தைப் பசை ஒட்டுவதற்கும் பாலிஸ்டைரீன் பாகங்கள் ஒட்டுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. பசை இரு பரப்புகளுக்கு நடுவே தனிப் படலமாக நிற்கிறது. மாதிரி அமைப்போர் பயன்படுத்தும் திரவமோ பாலிஸ்டைரீனையே கரைக்கக்கூடியது. அது பட்டதும் இரு பரப்புகளும் இளகுகின்றன. இருபுறத்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுடன் ஒன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பொருளாக இறுகிவிடுகின்றன. ஆகையால் இதை வெப்பமின்றிச் செய்யும் பற்றவைப்பு என்றே கூறலாம். வண்ணம் பூசிய பரப்பில் இது பிடிப்பதில்லை. ஒட்ட வேண்டிய விளிம்பில் வண்ணத்தைச் சுரண்டி எடுப்பதன் காரணம் இதுவே.

இதே விளைவு வேண்டாத இடத்திலும் நிகழ்வதுண்டு. மாதிரிகளின் டயர்கள் பலவும் மென்மையாக்கிய பி.வி.சி.யால் ஆனவை. அதிலுள்ள மென்மையூட்டும் பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை இளக்கிவிடுகிறது. பெட்டியில் நெடுநாள் கிடந்த மாதிரியின் சக்கரங்கள் டயரோடு உருகி ஒட்டியிருப்பது இதனாலேயே. சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே தொடர்பில்லாதபடி அலுமினியத் தாள் போன்ற ஒரு தடையை வைப்பது பழகியோர் கையாளும் முறை.

உருமாற்றும் கலை

பெட்டியில் உள்ளபடியே பூட்டி முடிப்பது முதற்படி. தன் விருப்பப்படி மாற்றுவது அடுத்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல் வெளியிட்ட பெட்டிகளில் ஒரே வாகனத்தைத் தொழிற்சாலையில் உள்ளபடியோ, அலங்காரமாக மாற்றியோ, பந்தய வாகனமாகவோ அமைப்பதற்கு வேண்டிய கூடுதல் பாகங்கள் இருந்தன. ஒரு பெட்டியில் மூன்று வாகனங்கள் என்ற இந்த ஏற்பாடு பெரும் வரவேற்பைப் பெற்றது. மிஞ்சிய பாகங்கள் அடுத்த மாதிரிக்கு உதவின. அதனால் ஒவ்வொருவரிடமும் உதிரிப்பாகப் பெட்டி ஒன்று சேர்ந்தது.

இந்தியாவில் உருமாற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டு வாகனங்களையே தேர்ந்தெடுக்கின்றன. நம் தெருவில் ஓடிய வண்டியை மேசைமீது காண விரும்புபவர் அதைத் தாமே உருவாக்க வேண்டியிருக்கிறது. மேலும் விளையாட்டுப் பொருள்கள்மீதும் அளவு மாதிரிகள்மீதும் விதிக்கப்படும் அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்குடன் எடுக்கப்பட்ட இந்நடவடிக்கையால் இறக்குமதிப் பெட்டிகளின் விலை மிகுந்தது. எனவே வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வாங்கித் தாமே வெட்டிச் செய்யும் வழி நம் நாட்டில் தனி மதிப்புப் பெறுகிறது.

அவ்வாறு செய்ய முற்படுவோருக்குப் பெங்களூருவே ஒரு பொருத்தமான மூலத்தை அளித்துள்ளது. அந்நகரின் மைனி குழுமமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் 1994-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், சேத்தன் மைனியின் தலைமையில் 'ரேவா' என்னும் மின்சார வாகனத்தை உருவாக்கி 2001-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. அதன் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், நம் நாட்டு மின்சார வாகன வரலாற்றில் அதற்கு முன்னோடி என்ற இடம் உண்டு.

மாதிரி அமைப்பவருக்கு ரேவாவில் ஒரு தனிச் சுவை உண்டு. அதன் எலும்புக்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. வெளித் தகடுகளோ ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அக்ரைலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றும் சேர்ந்ததே ஏ.பி.எஸ். பாலிஸ்டைரீனின் நெருங்கிய உறவான அதில், பியூட்டாடையீன் ரப்பரைப்போல் நின்று அடியைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. ஆகவே பாலிஸ்டைரீன் தகட்டில் செய்யப்படும் ரேவா மாதிரி, வடிவத்தில் மட்டுமின்றிப் பொருளிலும் மூலத்துக்கு அருகே நிற்கிறது. ரேவாவின் நீளம் சுமார் 2.64 மீட்டர், அகலம் 1.32 மீட்டர், உயரம் 1.51 மீட்டர். 1:24 விகிதத்தில் இவை முறையே 110, 55, 63 மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் மிகுந்த வாகனம் எளிதில் கவிழாதா என்ற வினா மாணவருக்கு எழும். எடைமிக்க ஈய-அமில மின்கலங்கள் முன் இருக்கைகளின் அடியில் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தன என்பதே விடை. மாதிரியின் அடியில் சிறு ஈயத் துண்டுக்குப் பதிலாக ஓர் இரும்புத் திருகாணியை வைத்தும் எடுத்தும் சாய்த்துப் பார்த்தால், ஈர்ப்பு மையம் பற்றிய பாடம் உடனே விளங்கும்.

வேலை முறை எளிது. பக்கவாட்டு, முன், பின், மேல் தோற்றங்களை விகிதப்படி காகிதத்தில் வரைந்து, ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஒட்டி வெட்ட வேண்டும். வளைவான இடங்களில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, உலர்ந்தபின் அரத்தால் வடிவமைக்கலாம். இடைவெளிகளைப் பட்டி இட்டு நிரப்பி, 400, 800, 1200 என்ற வரிசையில் நீர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மிஞ்சிய சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல், இளகும்வரை காட்டி இருபுறமும் இழுத்தால் தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். வானொலிக் கம்பிக்கு அது உதவும். கரைப்பான்கள் எவையும் அருகில் இல்லாதபோது, பெரியவர் ஒருவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

வண்ணமும் எச்சரிக்கையும்

வண்ணத்துக்கும் விகிதம் உண்டு. உண்மையான வாகனத்தின் வண்ணப் பூச்சு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புடையது. மாதிரியில் 0.05 மில்லிமீட்டர் பூசினாலும், விகிதப்படி அது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சுக்கு ஒப்பாகும். கதவுக் கோடுகள் மறைந்துவிடும். ஆகையால் மெல்லிய பூச்சுகள் பலவாகக் கொடுப்பதே முறை. மழைக்காலத்தில் லாக்கர் பூச்சு வெண்மை பூத்து மங்குவதுண்டு. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் இது நேர்கிறது. வறண்ட நாளில் பூசுவதே பரிகாரம்.

இப்பொழுதுபோக்கில் உண்மையான அபாயம் இரண்டிடத்தில் உள்ளது. ஒன்று கரைப்பான்களின் ஆவி. ஒட்டும் திரவத்திலும் தின்னரிலும் உள்ள டொலுவீன் போன்ற பொருள்கள் தலைச்சுற்றலை உண்டாக்குவன, எளிதில் தீப்பற்றுவன. மூடிய அறையில் இவற்றைக் கையாளக் கூடாது. மற்றொன்று ஈயம். வீட்டு உபயோகப் பூச்சுகளிலும் அலங்காரப் பூச்சுகளிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில்துறைப் பூச்சுகள் இவ்விதியில் அடங்கவில்லை. எனவே பட்டறையில் மிஞ்சிய வண்ணத்தை இலவசமாகப் பெற்று மாணவர்களிடம் கொடுப்பது நல்லதன்று. பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்புவதும் கூடாது. குழந்தைகளின் உடல் ஈயத்தைப் பெரியவர்களைவிட மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பள்ளிக்கு நீரில் கரையும் அக்ரைலிக் வண்ணமே ஏற்றது. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தரநிர்ணய முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

மாதிரி எங்கே தவறிவிடும்?

நல்ல மாதிரி எவ்வளவு கற்பிக்கிறதோ, அது தவறும் இடமும் அவ்வளவு கற்பிக்கிறது. 1:24 விகிதத்தில் நீளம் 24-இல் ஒரு பங்காகும். பரப்பு 576-இல் ஒரு பங்காகும். கன அளவோ 13,824-இல் ஒரு பங்காகும். சுமார் 1,100 கிலோகிராம் எடையுள்ள அம்பாசடரை அதே பொருள்களால் அப்படியே சிறிதாக்கினால் எடை 80 கிராம் மட்டுமே இருக்கும். மேசையிலிருந்து விழும் மாதிரி பெரும்பாலும் உடையாமல் தப்புவதற்கும், மலையுச்சியிலிருந்து விழும் வாகனம் நொறுங்குவதற்கும் இவ்வெண்களின் வேறுபாடு ஒரு காரணம்.

காற்றின் நடத்தையும் அவ்வாறே. மாதிரியைச் சுற்றிக் காற்று ஓடும் விதம் மூலத்தைச் சுற்றி ஓடும் விதத்தை ஒத்திருக்க வேண்டுமானால், நீளமும் வேகமும் பெருக்கிய தொகை இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். நீளம் 24 மடங்கு குறைந்தால் வேகம் 24 மடங்கு கூட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தை ஆராய, மாதிரியின்மீது மணிக்கு 1,440 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைச் செலுத்த வேண்டும். ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,250 கிலோமீட்டர். ஒலியை மிஞ்சிய காற்று முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்வதால் சோதனை பயனற்றுப் போகும். ஆகையால் ஆராய்ச்சியாளர்கள் பெரிய மாதிரிகளையோ அழுத்தம் மிகுந்த காற்றையோ நாடுகின்றனர். பெங்களூரு நேஷனல் ஏரோஸ்பேஸ் ஆய்வுக்கூடத்தில் 1967-இல் இயங்கத் தொடங்கிய காற்றுச் சுரங்கம் சேமித்த அழுத்தக் காற்றைப் பாய்ச்சி இயங்குவது. 1.2 மீட்டர் சதுர வாயுடைய அதில் ஒலியின் வேகத்துக்குக் கீழும், அதன் அருகிலும், அதன் நான்கு மடங்கு வரையிலும் சோதனைகள் நடத்த முடியும்.

பள்ளியில் செய்யத்தக்கவை

ஒரு வகுப்பு முழுவதற்கும் விலையுயர்ந்த பெட்டிகள் வாங்க வேண்டியதில்லை. பள்ளி வாயிலில் நிற்கும் பேருந்தையோ, தலைமையாசிரியரின் ஸ்கூட்டரையோ, ஊரின் டிராக்டரையோ மாணவர் குழு ஒன்று நாடாவால் அளக்கட்டும். மற்றொரு குழு அந்த அளவுகளை 24-ஆல் வகுக்கட்டும். மூன்றாவது குழு வரைந்து, அட்டையில் முதல் உருவத்தைச் செய்யட்டும். அட்டையில் பிழைகள் தெரிந்தபின் பிளாஸ்டிக் தகட்டுக்குச் செல்வது சிக்கனம். முடிந்த மாதிரியை வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஒவ்வோர் அளவிலும் எத்தனை சதவீதம் பிழை நேர்ந்தது என்று பட்டியலிடுவது இறுதிப் படி. இப்பட்டியலுக்கு மாதிரியின் பளபளப்பைவிட மிகுதியான மதிப்பெண் கொடுக்கலாம்.

பெங்களூருவுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரையா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைத் தவறவிடலாகாது. 1962 ஜூலை 14 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேருவால் திறந்துவைக்கப்பட்ட அக்கட்டடத்தில், ரைட் சகோதரர்களின் விமானம் முழு அளவில் அமைக்கப்பட்டுள்ளது. அதன் இறக்கையின் நீளம் எத்தனை அடி இருக்கும் என்று முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதச் சொல்லி, பின்னர் அங்குள்ள விவரத்துடன் ஒப்பிடச் செய்யலாம். அளவு விகிதத்துடன் ஒருமுறை பழகிய மாணவர்களின் மதிப்பீடும், பழகாதவர்களின் மதிப்பீடும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஆசிரியரே அங்கு நேரில் கண்டுகொள்ளலாம்.